ஈரானின் மஷ்ஹத், ஷியாக்களின் எட்டாம் இமாம் ரிளாவின் தர்கா: போனவர்கள் எழுதுங்கள்

முதல் பதிவு:
ஸரீஹ் (கபரைச் சுற்றிய கம்பிக்கூடு) பக்கம் நாமாக நடந்து போவதில்லை, கூட்டமே கொண்டுபோய் விடும். தெரிந்ததுதானே. அந்த நெரிசலில் பக்கத்தில் நின்ற பெரியவரிடம் கேட்டேன்: ஹாரூன் ரஷீத் கபர் எந்தப் பக்கம்? 809-இல் இறந்த கலீஃபா அங்கேதான் அடக்கம். 818-இல் இமாமை அவருக்குப் பக்கத்திலேயே அடக்கியது ஹாரூனின் மகன் மாமூன். இன்று ஹாரூனுக்குத் தனி அடையாளம் எதுவும் இல்லை. பெரியவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உரக்க ஒரு சலவாத் (நபிக்கு வாழ்த்து) சொன்னார். சுற்றி நின்ற அத்தனை பேரும் கூடவே சொன்னார்கள். கோபமா, வழக்கமா? இன்னும் பிடிபடவில்லை.

மறுமொழி:
கோபம்தான். அங்கே போய் அந்தப் பெயரை எடுப்பார்களா? இமாமுக்கு விஷம் வைத்தது மாமூன் என்பது ஷியாக்களின் நம்பிக்கை. சரி, என் கதை. பெண்கள் பகுதியில் ஒரு கைக்குழந்தை தலைகளுக்கு மேலேயே கைமாறிப் போய், ஸரீஹைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தது. அழவே இல்லை. கூரையெல்லாம் கண்ணாடிச் சில்லு, அதையே பார்த்துக்கொண்டிருந்தது. வெளியே ஈரான் மன்னர் நாதிர் ஷா போட்ட தங்கக் குவிமாடத்தைப் பார்த்தபோதும் எனக்கு அந்தக் குழந்தை நினைப்புதான்.

மறுமொழி:
கோபமெல்லாம் இல்லை சகோதரி. அங்கே எதற்கும் சலவாத்தான். ஒருவர் தொடங்கினால் கூட்டமே சொல்லும். அந்தக் காலத்தில் ஹாரூன் கபரை உதைத்துவிட்டு இமாமுக்கு சலாம் சொல்வார்களாம், பழைய பயணக் குறிப்புகளில் இருக்கிறது. முதல் பதிவு போட்டவர் லேசாகத் தப்பித்தார்.

மறுமொழி:
குவிமாடத்துக்குத் தங்கம் போட்டது நாதிர் ஷா இல்லைங்க, அவருக்கு முந்தைய மன்னர் ஷா அப்பாஸ். 1601-இல் இஸ்ஃபஹானிலிருந்து நடந்தே வந்தாரே, அவர். 1673 நிலநடுக்கத்தில் அது சேதமாகி, பின்னால் வந்த மன்னர் ஷா சுலைமான் சரிசெய்தார். நாதிர் பொன் பூசியது பழைய முற்றத்து ஐவானுக்கு (வளைவு வாசல் மண்டபம்). நான் பார்த்தது பெரிதாக ஒன்றுமில்லை. அஸர் தொழுகைக்குப் பிறகு கவ்ஹர்ஷாத் பள்ளிவாசல் முற்றத்தில் உட்கார்ந்திருந்தேன், நீல ஓடுகளில் வெயில் இறங்கியது, எழுந்திருக்கவே மனம் வரவில்லை. தர்காவை ஒட்டியே இருக்கிறது, நிறையப் பேர் அவசரத்தில் தாண்டிப் போய்விடுகிறார்கள். தைமூரின் மருமகள் கவ்ஹர்ஷாத் 1418-இல் கட்டுவித்தது, வடிவமைத்தவர் கவாமுத்தீன் ஷீராஸி. அப்புறம், போகிறவர்களுக்கு: பெண்கள் சாதர் (உடல் முழுக்கப் போர்த்தும் துணி) கொண்டுபோங்கள். பெரிய பையை அறையிலேயே வைத்துவிடுங்கள். செருப்புக்குத் தரும் வில்லை பத்திரம், எந்த வாசலில் கழற்றினீர்கள் என்பதும் முக்கியம், உள்ளே முற்றத்துக்கு முற்றம் வாசல்கள். நக்காரா (முரசு, எக்காள இசை) கேட்க வேண்டுமென்றால் சூரியன் மறைவதற்கு முன்பே பழைய முற்றத்தில் இடம்பிடியுங்கள். முஹர்ரம், ஸஃபர் மாதங்களில் போனால் அது கிடையாது, துக்க மாதங்கள்.