மொரிஸ் மைனர் வாங்கமுதல் எதைப் பார்க்க வேண்டும்?

கோப்பாய்ப் பெடியன்:
சாவகச்சேரியில் 'மைனர் 1000' மாடல் கார் ஒன்று விற்பனைக்கு நிற்கிறது. 1959, நாலு கதவு, 948 சிசி, ஸ்ரீ இலக்கத்தகடு. புதுப் பெயின்ற் அடித்திருக்கிறார்கள், ஸ்டார்ட்டும் உடனே வருகிறது. ஆனால் தொண்ணூறுகளில் யுத்தகாலப் பெற்றோல் தடை நேரம் மண்ணெண்ணெயில் ஓடின கார் என்று உரிமையாளரே சொல்கிறார், எஞ்சின் பழுதாகியிருக்குமோ என்றுதான் யோசனை. ஞாயிறு பார்க்கப் போகிறேன்.

பழைய சில்லு:
தம்பி, மண்ணெண்ணெய்க் கதையை விடுங்கள். அப்போது யாழ்ப்பாணத்தில் அதில் ஓடாத கார் எது? சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் எடுத்து ஓடின எஞ்சின், இவ்வளவு காலத்தில் ஒருமுறையாவது கழற்றிப் பூட்டியிருப்பார்கள். எனக்குப் பயம் அந்தப் புதுப் பெயின்ற்தான். மைனருக்குத் தனியாகச் சசி (அடிச்சட்டம்) கிடையாது, பொடியின் (காரின் உடம்பு) தகரம்தான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது, அதில் கறள் ஏறினால் எஞ்சின் வேலையை விடப் பல மடங்கு செலவு. கால்விரிப்பைத் தூக்குங்கள், கீழே படுத்து ஜக் வைக்கும் இடம், குறுக்குச் சட்டத்தின் இரண்டு நுனி, பின் ஸ்பிரிங் பிளேட்டின் முன்பக்கம் பூட்டுகிற இடம் எல்லாவற்றையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். காந்தமும் கொண்டு போங்கள், ஒட்டாத இடத்தில் தகரம் இல்லை, ஓட்டையை மூடப் பூசின பட்டிதான் இருக்கிறது. அப்புறம் ஜக்கில் தூக்கி வைத்துக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடிபட்டால் பொடி வளைகிறது, வாங்க வேண்டாம்.

கராஜ்காரன்:
அண்ணை சொன்னது சரி, ஆனால் முன்சில்லை மறக்க வேண்டாம். கீழே இருக்கிற ட்ரனியனின் (சில்லைத் தாங்கித் திரும்ப விடுகிற மரைப் பூட்டு) மரை தேய்ந்தால் ஓடும்போதே சில்லு மடிந்து கார் குந்திவிடும். முன்பக்கத்தைத் தூக்கிச் சில்லை மேலும் கீழுமாகப் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் இன்னொருவரைப் பிறேக்கை மிதிக்கச் சொல்லுங்கள். மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயரிங், நிற்காவிட்டால் ட்ரனியன் அல்லது கிங்பின் (சில்லு திரும்புகிற நிலைக்குத்து ஊசி). கிறீஸ் அடிக்கிற நிப்பிளில் காய்ந்த மண் இறுகியிருந்தால் கனகாலம் அடிக்கவில்லை என்று அர்த்தம்.

கோப்பாய்ப் பெடியன்:
நன்றி அண்ணைமார். கியர்?

கராஜ்காரன்:
முதலாம் கியரில் சிங்ரோ (பற்சில்லுகளின் வேகத்தை ஒத்துப்போகச் செய்கிற அமைப்பு) கிடையாது, கார் உருளும்போது போட்டால் கரகரக்கும், அது பழுதில்லை. போட்ட கியர் தானாகக் கழன்று வந்தால்தான் பழுது. ஓடிப் பார்க்கும்போது அக்சிலேற்றரை விட்டு மறுபடி மிதியுங்கள், நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது.

பழைய சில்லு:
காசு கொடுக்கமுதல் எஞ்சின் இலக்கத்தையும் சசி இலக்கத்தையும் காரின் பதிவுப் புத்தகத்தோடு ஒத்துப் பாருங்கள். நிசான் எஞ்சின் மாற்றிப் பூட்டின மைனர்கள் இருக்கின்றன, அது புத்தகத்தில் பதியாவிட்டால் பெயர் மாற்றும்போது நீங்கள்தான் அலைய வேண்டும்.