மாடிப் பாத்ரூம் கசிவு, கீழே ஹாலில் சொட்டுகிறது: அவசர உதவி தேவை

கீழ்வீட்டுக்காரர்: வணக்கம். மாடிப் பாத்ரூமிலிருந்து கீழே ஹால் சீலிங்கில் தண்ணீர் சொட்டுகிறது. டைல்ஸ் இடுக்கு முழுவதும் ஒயிட் சிமெண்ட் வைத்தும் நிற்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள். டைல்ஸை உடைக்காமல் சரிசெய்ய வழி உண்டா? வீடு கிருஷ்ணகிரி பழையபேட்டையில்.

மாங்காய் மண்டி: நாள் முழுவதும் சொட்டுகிறதா, குளித்தால் மட்டுமா? குழாய் இரும்பா, பிளாஸ்டிக்கா? மாடியில் யார் இருக்கிறார்கள்? இவை தெரியாமல் பதில் சொல்வதற்குச் சோழி உருட்டலாம்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்: ஒயிட் சிமெண்ட் இடுக்கை அடைக்கும், தண்ணீரைத் தடுக்காது. நீர்த்தடுப்புப் பூச்சு டைல்ஸுக்கு அடியில், சுவரில் ஓரடி ஏறும்படி அடித்திருக்க வேண்டும். வீடு கட்டும்போது கிரானைட்டுக்குப் பணம் இருக்கும், இதற்கு மட்டும் இருக்காது. எத்தனை முறை எழுதியாயிற்று!

பர்கூர் குழாய்க்காரர்: ஷவருக்குப் போகும் பித்தளை எல்போதான், அதாவது குழாய் திரும்பும் வளைவு இணைப்பு. பத்தில் எட்டு வீட்டில் அதுதான். சுவரை உடையுங்கள்.

பென்னாகரம் அக்கா: எங்கள் வீட்டில் கழிப்பறைக் கோப்பையின் அடி இணைப்பு விட்டிருந்தது. முதலில் அதைப் பாருங்கள் தம்பி.

கீழ்வீட்டுக்காரர்: காலையில் அதிகம், மதியம் குறைகிறது. மாடியில் வாடகைக்கு இருக்கிறார்கள். பிளாஸ்டிக் குழாய். சீலிங்கில் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. ஃபேன் கொக்கி வழியாகச் சொட்டுகிறது.

மாங்காய் மண்டி: ஃபேன் கொக்கியா? இதை அல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்! அந்த ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் மின்சாரத்தை மெயினிலேயே நிறுத்துங்கள். இன்னொன்று, தளத்துக்குள் ஒயர் போகும் பைப் வழியாகத் தண்ணீர் வெகுதூரம் ஓடும். சொட்டும் இடத்துக்கு நேர்மேலே ஓட்டை இருக்கும் என்று எண்ணாதீர்கள்.

அரூர் வாசகர்: உப்பு என்றால் போர் தண்ணீர்தான் காரணம். ஓகேனக்கல் தண்ணீர் இணைப்பு வாங்குங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்: தவறு. சிமெண்டிலிருக்கும் சுண்ணாம்பைத் தண்ணீர் கரைத்துக்கொண்டு வருகிறது. காற்றுப் பட்டதும் வெள்ளையாகப் படிகிறது. காவிரித் தண்ணீர் கசிந்தாலும் பூக்கும்.

அரூர் வாசகர்: அப்படியானால் கிருஷ்ணகிரி, தர்மபுரி இரண்டு மாவட்டத்துக்கும் 2013இல் ஓகேனக்கல் திட்டத்தைத் தொடங்கியது எதற்காம்?

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்: ஃப்ளோரைடுக்காக ஐயா! குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃப்ளோரைடு கூடாது. இங்கே பல ஊர்க் கிணறுகள் அதைத் தாண்டியவை. அது பல்லையும் எலும்பையும் கெடுக்கும். சீலிங்குக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

அரூர் வாசகர்: எங்கள் தெருவுக்கு அந்தத் தண்ணீர் வாரத்தில் எத்தனை நாள் வருகிறது என்று வந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பென்னாகரம் அக்கா: சண்டை அப்புறம். அந்தத் தம்பி எங்கே போனார்?

மாங்காய் மண்டி: அவர் வரும்போது படிக்கட்டும். எந்நேரமும் ஒரே சீராகச் சொட்டினால் அழுத்தத்தில் இருக்கும் குழாயைச் சந்தேகிக்கலாம். இவருக்குக் காலையில் கூடி மதியம் குறைவதால், வெளியேறும் தண்ணீர்மேல்தான் எனக்குச் சந்தேகம். முதலில் பாத்ரூமுக்குப் போகும் வால்வை மூடி, ஒருநாள் யாரும் புழங்காமல் காயவிடுங்கள். வால்வை மூடியிருக்கும்போது சொட்டாமல், திறந்ததும் புழங்காமலே சொட்டினால் பர்கூர்க்காரர் சொன்னது சரி. இல்லையென்றால் தரைச் சல்லடை ஓட்டையில் துணியைப் பாலித்தீனில் சுற்றி இறுக்கி அடைத்து, ஓர் அங்குலம் தண்ணீர் தேக்கி, சொட்டு நீலம் கலந்து ஓர் இரவு விடுங்கள். கீழே நீலமாக இறங்கினால் தரையில் கோளாறு. இறங்காமல், துணியை எடுத்த பிறகு இறங்கினால் சல்லடைக்கு அடியில், நாற்றம் ஏறாமல் தண்ணீர் தேங்கி நிற்கும் டிராப்பில் கோளாறு. தளத்தைத் தாழ்த்திச் செங்கல் ஜல்லி கொட்டியிருந்தால் ஊறி இறங்க நேரமாகும், பொறுமை வேண்டும்.

பர்கூர் குழாய்க்காரர்: இவ்வளவு எதற்கு? எல்போதான்.

கீழ்வீட்டுக்காரர்: மாடி வீட்டார் ஊருக்குப் போயிருந்ததால் சோதிக்க முடிந்தது. வால்வைத் திறந்தபோது சொட்டவில்லை. தேக்கி வைத்தபோதும் சொட்டவில்லை. துணியை எடுத்த மறுநாள் நீலமாகச் சொட்டியது. சல்லடையைச் சுற்றியிருந்த டைல்ஸ் மட்டும் உடைத்தோம். டிராப்பில் குழாயைப் பசை தடவாமல் வெறுமனே சொருகியிருந்தார்கள். ஒட்டியாயிற்று. அனைவருக்கும் நன்றி.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்: உடைத்த இடத்தில் நீர்த்தடுப்புப் பூச்சு இரண்டு கோட் அடித்தீர்களா? பழைய பூச்சோடு சேரும்படி அடித்தீர்களா?

மாங்காய் மண்டி: ஞாயிற்றுக்கிழமைக்காக அவசரப்பட்டு சீலிங்குக்குப் பெயிண்ட் அடித்துவிடாதீர்கள். உள்ளே ஈரம் காயாமல் அடித்தால் உரிந்து வரும். ஃபேன் இணைப்பையும் எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே போடுங்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சீயர்: நான் கேட்டதற்குப் பதில் வரவில்லை.