சனிக்கிழமை கார்த்திகை, சித்ரா வீட்ல

சித்ரா: எல்லாரும் நாலு மணிக்கே வந்துருங்க, இங்க பாஸ்டன்ல அப்பவே இருட்டிடும். ஒரு சந்தேகம், வாசல் லைட்டச் சுத்தி ஒரே சாம்பல் கலர் பூச்சி, கதவுலயும் ஒட்டிட்டு நிக்குது. அகல் வெளிய வைக்கவா உள்ளயா?

அருண்: இந்தக் குளிர்லயா? ஸ்வெட்டர் போட்டுருக்கா

பெரியம்மா: வெளியதான் வைக்கணும். கார்த்திகை விளக்கப் பாத்தா புழு பூச்சிக்கும் மோட்சம்னு எங்கம்மா சொல்லும்

ரவி மாமா: அது விண்டர் மாத். பறக்கறதெல்லாம் ஆம்பளப் பூச்சி, பொம்பளைக்கு றெக்கை பேருக்குத்தான், மரத்துல நடந்தே ஏறி பட்டை இடுக்குல முட்டை வைக்கும், ஏப்ரல்ல பொரிஞ்சு பச்சைப் புழு மொட்டுக்குள்ளயே பூந்து தின்னும். சொந்த ஊரு யூரோப், 1930கள்லயே கனடால நோவா ஸ்கோஷியா வந்துருச்சு, மாசசூசெட்ஸ்ல 1990கள் கடைசில, அங்கருந்து ரோட் ஐலண்ட், மெய்ன் கடலோரம்னு

சித்ரா: மாமா, விளக்கு

பெரியம்மா: பொம்பளை நடந்து ஏறணும், ஆம்பளை பறந்துட்டுத் திரியும். நம்ம வீடேதான்

அருண்: 😂😂

மீனா: எங்க வீட்லயும் இருக்கே. வொர்செஸ்டர் தாண்டி

ரவி மாமா: அந்தப் பக்கம்னா ப்ரூஸ் ஸ்பான்வார்மா இருக்கலாம், அது இந்த ஊர்ப் பூச்சியே. ரெண்டும் சேந்து கலப்பும் உண்டு, கண்ணால பாத்து பிரிக்கறது கஷ்டம்

மீனா: பொரி உருண்டை யாரு? எனக்கு பாகு வராது

ரவி மாமா: அந்த விண்டர் மாத் இப்பல்லாம் ரொம்பக் கம்மி. 2005லேருந்து யூமாஸ் யுனிவர்சிட்டில ஜோ எல்கிண்டன் டீம் சைசெனிஸ்னு ஒரு ஈ விட்டாங்க. ஈ இலைல முட்டை வைக்கும், புழு இலையோட சேத்து அதையும் முழுங்கிடும், ஈப்புழு உள்ளருந்தே கதைய முடிச்சிரும். அதுக்கு முன்னாடி மே மாசம் ஓக் மரமெல்லாம் மொட்டையா நிக்கும், என் ஆப்பிள் மரம் ஒரு பூ விடல

பெரியம்மா: மாந்தோப்ப வித்தவனுக்கு ஆப்பிள் மரத்துக் கவலை

ரவி மாமா: அக்கா, அது இங்க வேணாம்

பெரியம்மா: வேற எங்க பேசறது? நீ ஃபோன எடுத்தாதான

அருண்: மீனாக்கா, பொரி உருண்டை கடைல வாங்கிடலாம்

பெரியம்மா: வாங்கக்கூடாது

சித்ரா: சரி அகல் ரெண்டு வெளிய, மீதி உள்ள. லைட்ட அணைச்சிடறேன், பூச்சி பாதி போயிடும். மாமா, மருந்து எதும் அடிக்கணுமா?

ரவி மாமா: இப்ப வேணாம். முட்டை பொரியறதுக்கு முன்னாடி மரத்துல ஆயில் அடிக்கலாம், மார்ச் கடைசில ஞாபகப்படுத்து

அருண்: மாவலி சுத்தலாமா?

சித்ரா: ஃபயர் இன்ஜின் வரும்டா

பெரியம்மா: சின்னதா சுத்துங்க

மீனா: அப்ப பொரி உருண்டை??