புது ஸ்கேட்ஸ் போட்டால் பிள்ளை அழுகிறாள்: பழையதையே குடுக்கலாமோ?

மார்க்கம்_மதி
வணக்கம். மகளுக்கு ஏழு வயது. கான்ஸ்கேட் போறாள். தெரியாத ஆக்களுக்கு: அது ஸ்கேட் கனடாவின்ட ஐஸ் ஸ்கேட்டிங் தொடக்க வகுப்பு, ஆறு ஸ்டேஜ் இருக்கு, இவள் மூண்டில நிக்கிறாள். இவ்வளவு நாளும் அக்காவின்ட மகள் போட்டுவிட்ட ஸ்கேட்ஸ்தான். அது கணுக்காலடியில மடிஞ்சு தொய்ஞ்சு போச்சு. "இதோட ஒற்றைக்கால் சறுக்கல் வராது, மாத்துங்கோ" எண்டு கோச் சொன்னா. கடையில அளவெடுத்து, சூடாக்கிக் காலுக்கு வார்த்தெடுத்து, 200 டொலருக்கு மேல குடுத்துப் புதுசு வாங்கினம். வீட்டில கண்ணாடிக்கு முன்னால நிண்டு ஒரே சந்தோசம். ஐஸில கால் வைச்சதுதான் தாமதம், அழுகை. முழங்கால் மடியுதில்லையாம், ஆரோ பின்னால நிண்டு முன்னுக்குத் தள்ளுற மாதிரி இருக்காம். வகுப்பு முடியுமட்டும் அரங்கின்ட ஓரப் பலகையைப் பிடிச்சபடி நிண்டாள். போன சனிக்கிழமை "பழையதுதான் போடுவன்" எண்டு காருக்குள்ளேயே அடம்.

இவர் சொல்றார் போடப் போடப் பழகிடும் எண்டு. மாமி சொல்றா பிள்ளையை வதைக்காதேங்கோ எண்டு. பழையதைக் குடுத்து மெல்ல மெல்ல மாத்தலாமோ, இல்லாட்டி ஒரேயடியாப் புதுசோ?

பனி_பாலன்
ஒரேயடியாப் புதுசு. இதில யோசிக்க ஒண்டுமில்லை.

கணுக்கால் மடிஞ்ச ஸ்கேட் பூட்டில பிள்ளை பழகினது சமநிலை இல்லை, சாய்ஞ்சு நிண்டு சமாளிக்கிற வித்தை. புதுசு அந்தச் சாய்வைத் தாங்காது, அதுதான் கோபம் வருது. நீங்கள் பழையதைத் திருப்பிக் குடுக்கிற ஒவ்வொரு முறையும் அந்தப் பிழையான சாய்வு இன்னும் ஊறும். பூட்டும் வீட்டில பெட்டிக்குள்ள கிடந்து இளகாது, ஐஸில போட்டு முழங்காலை மடிச்சால்தான் இளகும். கொஞ்ச வாரத்துக்குப் பிள்ளை ஒரு ஸ்டேஜ் கீழ இறங்கின மாதிரித் தெரிவாள். தெரியட்டும். என்ட மூத்தவளுக்கு ஒவ்வொரு புது ஜோடிக்கும் இதுதான் கதை, இப்ப அவள் கான்ஸ்கேட்டுக்கு அடுத்த கட்டமான ஸ்டார்ஸ்கேட்டில நிக்கிறாள்.

கோவை_செல்வி
பாலன் அண்ணா, உங்க மூத்தவ போட்டிக்குப் போற பொண்ணு. மதி அக்கா பொண்ணுக்கு ஏழு வயசு. வகுப்பே முக்கால் மணி நேரம்தான். அதுல முக்கால் மணி நேரமும் பலகையைப் பிடிச்சு நின்னு அழுதா, பிள்ளை கத்துக்கிறது ஒண்ணுதான்: ஐஸ்னா அழுகை. பூட்ஸ் இளகிடும்ங்க, உள்ள புகுந்த பயம் லேசுல போகாது.

எங்க வீட்டுல என்ன பண்ணோம்னா, பிளேடுக்கு கார்டு, அதாவது பிளாஸ்டிக் உறை மாட்டி, டிவி பாக்கும்போது தினம் கொஞ்ச நேரம் போட வெச்சோம். எழுந்து, உக்காந்து, சுவத்தைப் பிடிச்சு முழங்காலை மடக்கி. அப்புறம் கூட்டம் இல்லாத பப்ளிக் ஸ்கேட்டிங் நேரத்துல புதுசு. வகுப்புல மட்டும் பழசு. ரெண்டும் பழகினதும் அவளே "இது வேண்டாம்மா" ன்னு பழசைக் கழட்டிட்டா.

பனி_பாலன்
தங்கச்சி, வீட்டில போடுறதை நான் வேண்டாமெண்டு சொல்லேல்லை. அது நல்லது. ஆனால் சனிக்கிழமை ஒண்டு, ஞாயிற்றுக்கிழமை இன்னொண்டு எண்டு மாத்திப் போட்டால் கால் எதை நம்பும்? ரெண்டு பிளேட்டின்ட நீளமும் வேற, வளைவும் வேற, பாரம் விழுற இடமும் வேற.

மதுரை_பக்
எதுக்கு இந்த வம்பு? ஹாக்கி ஸ்கேட்ஸ் வாங்கிக் குடுங்க. முன்னாடி பல்லு கிடையாது, தட்டி விழ வேண்டியதில்ல. கான்ஸ்கேட்ல ஹாக்கி ஸ்கேட்ஸும் போடலாம். என் பையன் அதுலதான் எல்லா ஸ்டேஜும் பாஸ்.

கோவை_செல்வி
அந்தப் பொண்ணு சுழலணும், குதிக்கணும்னு ஆசைப்படுது அண்ணா. கோல் அடிக்க இல்ல.

சாணைக்கல்
ஒரு அரங்கில கனகாலம் பிளேட் சாணை பிடிக்கிறவன் சொல்லுறன். நீங்கள் ரெண்டு பேரும் பழக்கத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறியள். இது பழக்கந்தானோ எண்டு முதல்ல பார்க்க வேணும். பொருந்தாத பூட்டை எவ்வளவு பழக்கினாலும் பொருந்தாது.

மதி தங்கச்சி, இதுகளைப் பார்த்துச் சொல்லுங்கோ.

பூட்டுக்குள்ள இருக்கிற இன்சோலை வெளியால எடுத்துத் தரையில வைச்சு, பிள்ளையை அதில ஏறி நிக்கச் சொல்லுங்கோ. பெருவிரலுக்கு முன்னால எவ்வளவு இடம் மிஞ்சுது? பிறகு பூட்டைப் போட்டு லேஸ் கட்டி, முழங்காலை மடிக்கச் சொல்லுங்கோ. குதிக்கால் உள்ளுக்க மேல எழும்புதோ?

கழட்டின உடன பாதம் எங்க சிவந்திருக்கு? அரை மணித்தியாலம் கழிச்சும் அந்தச் சிவப்பு இருக்கோ? கணுக்கால் எலும்பில எண்டால் கடையில அந்த இடத்தை வெளியால தள்ளி விரிச்சுத் தருவினம், சின்ன வேலை. குதிக்காலில கொப்புளமெண்டால் குதி ஆடுது. விரல் மரத்துப்போகுது எண்டால் லேஸ் இறுக்கம் கூட, இல்லாட்டிப் பூட் ஒடுக்கம்.

மூண்டாவது, பிளேட். புதுசா வந்த பிளேட் பளபளக்கும், ஆனால் ஐஸுக்குத் தேவையான கூர் அதில இருக்காது. முதல் சாணை பிடிச்சவையோ? ஒரு சதக்காசைப் பிளேட்டுக்குக் குறுக்க வைச்சுப் பாருங்கோ. காசு ஒரு பக்கம் சரிஞ்சு நிண்டால் உள்விளிம்பும் வெளிவிளிம்பும் ஒரே உயரமில்லை. அதோட ஆரும் நேரா நிக்கேலாது.

நாலாவது, அந்தப் பழைய ஜோடியின்ட டோ பிக்கை, அதுதான் பிளேட்டின்ட முன்முனையில இருக்கிற பல்லுகளை, படமெடுத்துப் போடுங்கோ. எனக்கொரு சந்தேகம்.

மார்க்கம்_மதி
அண்ணை, எல்லாம் பார்த்தன். இன்சோலில பெருவிரலுக்கு முன்னால சின்ன இடந்தான், சுண்டுவிரல் அகலம்கூட வராது. குதி எழும்பேல்லை. சிவப்பு கணுக்காலில கொஞ்சம், சாப்பிட்டு முடிக்க முதல் போயிட்டுது. சாணை கடையிலயே பிடிச்சுத் தந்தவை, காசும் மட்டமா நிக்குது.

பழசின்ட படம் போட்டிருக்கிறன். கீழ்ப் பல்லு அனேகமா இல்லை. அக்கா ஹாக்கிக்காரர் போற கடையொண்டிலதான் எப்பவும் சாணை பிடிக்கக் குடுத்தவவாம்.

இன்னொண்டு. கடைக்காரர் இவளுக்குச் சரியானதுக்கு ஒரு படி மேல உள்ள மாடலைத்தான் தந்தார். "பிறகு ஆக்செல் எண்ட குதிப்பு வரைக்கும் தாங்கும், திரும்ப வாங்கத் தேவையில்லை" எண்டார்.

சாணைக்கல்
நினைச்சேன்.

தள்ளுறது ஆரெண்டு விளங்குதோ? டோ பிக்கில ஆகக் கீழ இருக்கிற பெரிய பல்லு, சுழலேக்கையும் குதிக்கேக்கையும் ஐஸைக் கொத்திப் பிடிக்கிறது அதுதான். இப்பிடிப் பல்லுள்ள ஃபிகர் பிளேட் பழக்கமில்லாத ஆக்கள் ஹாக்கி பிளேட் மாதிரி முன்முனை வரைக்கும் தேய்ச்சால் அந்தப் பல்லு ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். உங்கட பிள்ளை பல்லில்லாத பிளேட்டில, பாரத்தை முன்விரலில போட்டுப் பழகியிருக்கிறாள். பழசில அது அவளை ஒண்டும் செய்யேல்லை. புதுசில பல்லு முழுசா இருக்கு, பாரம் முன்னுக்குப் போனவுடன கொத்துது, பிள்ளை முகங்குப்புற.

அதோட பூட் கடினம். கணுக்கால் மடிய விடாத பூட்டுக்குள்ள "முழங்காலை மடி" எண்டால் பிள்ளை இடுப்பைத்தான் மடிக்கும். இடுப்பு மடிஞ்சால் தலை முன்னுக்கு வரும், கண் ஐஸைப் பார்க்கும், பாரம் விரலுக்குப் போகும். மிச்சத்தைப் பல்லு பார்த்துக்கொள்ளும். இது அடம் இல்லை.

பனி_பாலன்
அப்ப நான் சொன்னது சரிதானே? பழசைத் திரும்பக் குடுத்தால் பல்லில்லாத பிளேட்டில முன்பாரம் போட்டு நிக்கிறதைத்தான் திரும்பப் பழகுவாள்.

கோவை_செல்வி
நான் சொன்னதும்தான் சரி. இவ்வளவு கடினமான பூட்ஸைக் குடுத்து "தாங்கு"ன்னு சொன்னா எப்படித் தாங்குவா? இருவது கிலோ எடை இருப்பாளா? குதிக்கிற பிள்ளைங்களுக்குச் செஞ்ச பூட்ஸை இந்த எடை எத்தனை வருஷம் மிதிச்சு இளக்கும்? அதுக்குள்ள கால் வளந்துடும். மாத்தித் தரச் சொல்லிக் கேளுங்க அக்கா.

சாணைக்கல்
பூட்டை வார்த்தாச்சு, சாணை பிடிச்சாச்சு, ஐஸில போட்டாச்சு. அனேகமா எந்தக் கடையும் திருப்பி எடுக்காது. ஆனால் செல்வி சொல்ற எடைக் கணக்கில விசயம் இருக்கு. ஜாக்சனோ, ரீடெல்லோ, எடேயாவோ, பூட் செய்யிற கம்பனிக்காரர் எல்லாரும் தங்கட மாடல்களை ஆற்றலுக்கு ஏற்றபடி கடினப்படுத்தித்தான் செய்யினம். அதே ஆற்றலில நிக்கிற பெரிய ஆளுக்கும் சின்னப் பிள்ளைக்கும் ஒரே கடினம் சரிவராது. ஒரு படி மேல எண்டால் சமாளிக்கலாம். ரெண்டு படி எண்டால் நானே "வித்துப்போட்டு வேற வாங்குங்கோ" எண்டு சொல்லியிருப்பன்.

பழைய_ரசிகை
நாங்கள் எண்பதுகளில வந்த புதுசில என்ட மகளுக்கு ஒரு வழி செய்தனான். சுடுதண்ணியில நனைச்ச சொக்ஸைப் போட்டு, அதுக்கு மேல பூட்டைக் கட்டிக்கொண்டு வீட்டுக்குள்ள நடக்கவிட்டனான். காயேக்கை அப்பிடியே கால் மாதிரி வரும். ஹேர் ட்ரையரும் பிடிக்கலாம்.

சாணைக்கல்
அம்மா, அது முழுத் தோல் பூட் காலத்து வைத்தியம். இப்ப வாறதில பாதி செயற்கைப் பொருள், நுரை, பசை. ஈரம் உள்ளுக்க நிண்டால் அடித்தோல் ஊதி ஸ்குரூ பிடிமானம் விடும், தலைமயிர் காயவைக்கிற சூடு பசையைக் கழட்டும். திரும்பச் சூடாக்க வேணுமெண்டால் கடை அடுப்பில, அளந்த சூட்டில செய்யட்டும்.

பழைய_ரசிகை
சரி மேனை, வேண்டாம். ஆனால் லேஸ் விசயத்தையாவது கேளுங்கோ. 1994 லில்லஹாமர் ஒலிம்பிக்கில அமெரிக்க ஸ்கேட்டர் டோனியா ஹார்டிங் அழுதபடி நடுவர் மேசையில காலைத் தூக்கி வைச்சு அறுந்த லேஸைக் காட்டினதை நான் டிவியில பார்த்தனான். திரும்ப ஆட விட்டவை, எட்டாம் இடம். பையில ஒரு சோடி லேஸ் எப்பவும் கிடக்கட்டும்.

பனி_பாலன்
லேஸ் எண்டோன்னதான் ஞாபகம். மதி, ஆர் கட்டிவிடுறது? இவரோ? ஆம்பிளையள் அனேகமா மேலிருந்து கீழ வரைக்கும் ஒரே இறுக்கா இறுக்கிப்போடுவினம்.

கார்டு போட்டபடி குதிக்காலைத் தரையில ரெண்டு தரம் தட்டச் சொல்லுங்கோ, பாதம் பின்னுக்குப் போய் இருக்கும். பூட்டின்ட நாக்கை நடுவில இழுத்து வையுங்கோ. விரல் பக்கம் லேசா. துளை முடிஞ்சு கொக்கி தொடங்குற அந்த மடிப்பிலதான் ஆக இறுக்கம். அதுக்கு மேல கொக்கியளில ஒரு விரல் நுழையிற இடம் விடுங்கோ. முதல் கொஞ்ச நாளைக்கு ஆக மேல உள்ள கொக்கியைப் போடவே வேண்டாம், முழங்கால் தானா மடியும். பத்து நிமிசம் ஓடினாப் பிறகு பூட் சூடாகி லேஸ் தளரும், கூப்பிட்டுத் திரும்பக் கட்டுங்கோ. கம்பளிச் சொக்ஸ் போட்டிருந்தால் கழட்டி எறியுங்கோ. மெல்லிசா ஒண்டு காணும்.

கோவை_செல்வி
பாருங்க, அண்ணாவே "மேல் கொக்கி வேண்டாம்"ங்கிறார். அதுவும் ஒரு சலுகைதானே.

பனி_பாலன்
சலுகை பூட்டுக்கு. பிள்ளைக்கில்லை.

மார்க்கம்_மதி
இந்தச் சனிக்கிழமை நடந்ததைச் சொல்லுறன். இவர்தான் கட்டுறது, பாலன் அண்ணை சரியாப் பிடிச்சிட்டார். இந்த முறை நான் கட்டினன், மேல் கொக்கி விட்டு. போகமுதல் வீட்டுச் சமையலறையில மேசையைப் பிடிச்சு, மூக்கைத் தூக்கிக்கொண்டு முழங்கால் மடிக்கப் பழக்கினம். கோச்சுக்கு டோ பிக் கதையைச் சொன்னன். அவ முதல்ல ரெண்டு கையாலயும் பிடிச்சு, ஒரே இடத்தில நிண்டு பாரத்தைக் குதிக்கும் விரலுக்கும் மாறி மாறி அசைக்க வைச்சா. பல்லு எங்க தொடுது எண்டு பிள்ளைக்கே தெரியட்டுமாம். இவள் பல்லால ஐஸைக் "கிர்ர்" எண்டு கீறிப்போட்டு அம்மா பார் எண்டு கத்துறாள். பிறகு பலகையை விட்டுப் பாதி ரிங்க் வரைக்கும் போனாள். விழுந்தாள், ஆனால் அழேல்லை. நிப்பாட்டத்தான் தெரியேல்லை, பலகையில போய் மோதித்தான் நிண்டாள். ஹெல்மெட் இருந்தது நல்லதாப் போச்சு.

சாணைக்கல்
நிப்பாட்ட ஏலாததுக்குப் புதுச் சாணைதான் காரணம். விளிம்பு ஐஸைக் கடிச்சுப் பிடிக்கும், பிளேட்டைப் பக்கவாட்டில தள்ளி ஐஸைச் சீவி நிக்கிறது கஷ்டம். கொஞ்சம் ஓடினால் தானாச் சரிவரும். அதுக்காகத் திரும்பக் கடைக்குக் கொண்டுபோய்த் தேய்க்காதேங்கோ. வீட்டுக்கு வந்ததும் பிளேட்டைத் துடைச்சுத் துணி உறையைப் போடுங்கோ. பிளாஸ்டிக் கார்டு நடக்கிறதுக்கு மட்டுந்தான். அதோட பைக்குள்ள விட்டால் துருப்பிடிக்கும்.

கோவை_செல்வி
அக்கா, பப்ளிக் ஸ்கேட்டிங்குக்கு ஃபிரெண்ட்ஸோட போகும்போது பழசைக் கேட்டா?

பனி_பாலன்
குடுக்கக் கூடாது.

கோவை_செல்வி
அண்ணா, உங்களைக் கேக்கல.

மார்க்கம்_மதி
இப்போதைக்கு ரெண்டும் இல்லை. அவளும் கேக்கேல்லை, நானும் காட்டேல்லை. கேட்டால் அப்ப பார்க்கிறன்.

மதுரை_பக்
அந்தப் பழைய ஜோடியை விக்கிறீங்களா? என்ன சைஸ்? சின்னப் பொண்ணுக்கு ஒண்ணு தேடிக்கிட்டு இருக்கேன்.

சாணைக்கல்
மேல உள்ளதை வாசிச்சியளோ?