நெடுந்தூர மலைநடைக்கு எந்த அளவுகோலில் வரைபடம் எடுத்துச் செல்வது?

கேள்வி: வழிநடையன்
ஏறத்தாழ 400 கிலோமீட்டர் நீளமுள்ள பாதை ஒன்றை முழுவதுமாக நடக்கத் திட்டமிட்டிருக்கிறேன். முற்பாதி தாழ்நிலக் காடு. பிற்பாதி மரங்களற்ற மலைமுகடு. கைப்பேசியில் சார்ஜ் தீர்ந்தாலும் கைகொடுக்கக் காகித வரைபடம் வேண்டும். முழுப் பாதைக்கும் 1:25,000 வாங்கினால் சுமை கூடுகிறது. 1:1,00,000 என்றால் விவரம் போதாதோ என்று தயக்கமாக இருக்கிறது. பாதையை ஒட்டிய பட்டை வரைபடம் மட்டும் போதுமா?

பதில்: முகடு
முழுப் பாதைக்கும் ஒரே அளவுகோல் தேவையில்லை. 1:25,000 வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் 4 செ.மீ. ஆகிறது, உங்கள் பாதை மட்டுமே 16 மீட்டர் நீளக் காகிதம். 1:50,000 என்றால் நீளம் பாதியாகும், அதே நிலப்பரப்பைக் காட்டும் காகிதமோ கால் பங்காகக் குறையும். அடையாளக் குறிகள் தெளிவாக இருக்கும் காட்டுப் பகுதிக்கு 1:50,000 போதும். மூடுபனி இறங்கக்கூடிய முகட்டுக்கு 1:25,000 வைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் அளவுகோலை மட்டும் பார்த்து வாங்க வேண்டாம், சம உயரக் கோடுகளின் (ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள்) இடைவெளியையும், அதாவது அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு இடையிலான உயர வேறுபாட்டையும் பாருங்கள். சுவிட்சர்லாந்தின் ஆல்ப்ஸ் பகுதி வரைபடங்களில் 1:25,000, 1:50,000 இரண்டிலுமே அந்த இடைவெளி 20 மீட்டர்தான். அடுத்தடுத்த இரு கோடுகளுக்கு நடுவே 15 மீட்டர் செங்குத்துப் பாறை ஒன்று, பாறைக்குறி இடப்படாவிட்டால், கண்ணில் படாமலே ஒளிந்திருக்க முடியும்.

பதில்: கணவாய்க்காரர்
முகடு சொன்னதை ஏற்கிறேன். எனினும் பட்டை வரைபடத்தை மட்டும் நம்பிப் போவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். பாதையில் நடக்கும்வரை அது மிக வசதியானது. காலில் அடிபட்டோ, ஓடை பெருக்கெடுத்தோ பாதையை விட்டு இறங்க வேண்டிய நிலை வரும்போதுதான், அருகிலுள்ள பள்ளத்தாக்கும் சாலையும் ஊரும் பட்டைக்கு வெளியே போய்விட்டது தெரியும். தொலைவில் தெரியும் சிகரங்களைத் திசைகாட்டியால் குறிபார்த்து நாம் நிற்கும் இடத்தைக் கணிக்கவும் அந்தச் சிகரங்கள் வரைபடத்தில் இருந்தாக வேண்டும். ஆகவே பட்டையுடன், இருபுறமும் ஒரு நாள் நடைத் தொலைவையாவது காட்டும் 1:1,00,000 தாளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அதன் எடை பொருட்டே அல்ல.

வழிநடையன்
இருவருக்கும் நன்றி. முகட்டுப் பகுதியை மட்டும் ஏ4 தாளில் நானே பிரிண்ட் எடுக்கலாமா?

பதில்: முகடு
தாராளமாக எடுக்கலாம். 1:25,000 அளவில் ஓர் ஏ4 தாள் ஏறத்தாழ 7.4 × 5.2 கிலோமீட்டர் நிலத்தைக் காட்டும். ஓரங்களில் சிறிது ஒன்றன்மேல் ஒன்று படியும்படி தாள்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘தாளுக்குப் பொருத்து’ என்ற தெரிவை அணைத்துவிட்டு 100 சதவீதத்தில் அச்சிடுங்கள். இல்லையெனில் அளவுகோல் ஓசையின்றி மாறிவிடும். அச்சானதும் ஒரு கிலோமீட்டர் கட்டத்தின் மேல் ஸ்கேலை வைத்து, சரியாக 4 செ.மீ. இருக்கிறதா என்று பாருங்கள். இங்க்ஜெட் மை ஈரத்தில் கரையும் என்பதால், லேசர் பிரிண்ட் எடுத்து நீர்புகாத உறையில் வைப்பது நல்லது.