புதுப்பிப்பு: விக்டோரியா பேராலயத்தைப் பார்த்துவிட்டோம்

அமெரிக்காவின் கன்சாஸ் மாநிலத்தில் ஐ-70 நெடுஞ்சாலை வழியில் இறங்கிப் பார்க்க ஏதாவது உண்டா என்று கேட்டிருந்தேன். விக்டோரியா ஊரின் புனித ஃபிடேலிஸ் ஆலயத்தைச் சொன்னவர்களுக்கு மனமார்ந்த நன்றி.

கோதுமை வயல்களுக்கு நடுவே 141 அடி உயர இரட்டைக் கோபுரங்கள் வெகு தூரத்திலிருந்தே தெரிகின்றன. ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையிலிருந்து குடியேறிய ஜெர்மானிய விவசாயிகள் 1908-இல் தொடங்கி 1911-இல் கட்டி முடித்தது. பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் வருடம் 45 டாலர், ஆறு வண்டி கல் என்று பங்கு வைத்தார்களாம். அந்தக் காலத்து ஏழைக் குடும்பங்களுக்கு அது சாதாரணத் தொகையே இல்லை!

சுவருக்குப் பக்கத்தில் போய்ப் பாருங்கள். மஞ்சள் சுண்ணாம்புக் கல்லில் உளி பட்ட தடம் அப்படியே இருக்கிறது. மரம் அரிதான அந்த வட்டாரத்தில் வேலிக்கம்பம்கூடக் கல்லில்தான்.

உள்ளே வெர்மான்ட் மாநிலத்து கிரானைட் தூண்கள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள். எனக்கு ரொம்பப் பிடித்தது ஜன்னல்கள்தான். 2014-இல் பசிலிக்கா தகுதியும் (கத்தோலிக்கத் திருச்சபை முக்கிய ஆலயங்களுக்குத் தரும் சிறப்பு நிலை) கிடைத்திருக்கிறது.

அப்புறம், அவசரமாக எட்டிப் பார்த்துவிட்டுக் கிளம்பாதீர்கள். அந்த வண்ண ஜன்னல்களுக்காகவே வெயில் உள்ள நேரமாகப் பார்த்துப் போங்கள்.