பாட்டில் படித்த உயிர் எதிரே வந்தபோது: அனுபவங்களைப் பகிருங்கள்

நெய்தல்:

அகநானூற்றின் 160ஆம் பாடலைப் பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியிருக்கிறேன். குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது. அதன் நடுவில் ஒரு கடலாமை வந்து போகும்.

"அடும்புகொடி சிதைய வாங்கிக் கொடுங்கழிக்
குப்பை வெண்மணல் பக்கம் சேர்த்தி
நிறைச்சூல் யாமை மறைத்துஈன்று புதைத்த
கோட்டுவட்டு உருவின் புலவுநாறு முட்டைப்
பார்ப்புஇடன் ஆகும் அளவைப் பகுவாய்க்
கணவன் ஓம்பும் கானலஞ் சேர்ப்பன்"

கடற்கரை மணலில் படரும் அடும்பங்கொடி அறுபடும்படி இழுத்து, மணல்மேட்டின் பக்கமாக ஒதுங்கி, நிறைசூல் கொண்ட ஆமை யாரும் அறியாமல் முட்டையிட்டுப் புதைக்கிறது. தந்தத்தில் கடைந்த வட்டுக்காயைப் போன்ற உருண்டை முட்டைகள், புலால் வாடை வீசும் முட்டைகள். அவை குஞ்சாகும் வரை ஆண் ஆமை காவல் காக்கிறது. உள்ளுறை, இறைச்சி என்று பாட்டுக்குள் மறைந்திருக்கும் பொருள்களை எல்லாம் விளக்கி மதிப்பெண்ணும் போட்டிருக்கிறேன். ஆனால் அந்த ஆமையை நான் பார்த்ததில்லை. பார்க்க முடியும் என்ற எண்ணமே எழுந்ததில்லை. இத்தனைக்கும் என் வீட்டிலிருந்து கடற்கரை நடந்து போகும் தூரம்தான்.

ஓய்வு பெற்ற பிறகு, பழைய மாணவி ஒருத்தி ஆமை நடைக்கு அழைத்துப் போனாள். சென்னையில் 1988 முதல் கல்லூரி மாணவர்கள் இதைச் செய்துவருகிறார்கள். ஜனவரியிலிருந்து இரவுதோறும் நீலாங்கரையில் தொடங்கிப் பெசன்ட் நகர் வரை மணலில் நடந்து, ஆமையின் தடத்தைத் தேடுவார்கள். கூட்டைக் கண்டுபிடித்தால் முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி தோண்டிப் புதைப்பார்கள். இல்லையென்றால் நாய்கள் விட்டுவைப்பதில்லை. பல இரவுகளில் வெறுங்கையோடு திரும்புவதும் உண்டாம். தடம் மட்டும் கிடைத்தாலே போதும் என்று நினைத்துக்கொண்டு போனேன்.

எங்களுக்கு அந்த இரவில் ஆமையே கிடைத்தது. முன்னால் போன பையன் சட்டென்று கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினான். விளக்குகளை அணைத்துவிட்டு, அதன் பார்வையில் படாமல் பின்பக்கமாகச் சென்று உட்கார்ந்தோம். பின்துடுப்புகளை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, மணலை அள்ளி வெளியே வைத்துக்கொண்டிருந்தது. தான் தோண்டும் குழியை அது ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பின் நுனி கையைப் போல மடங்கி மணலை ஏந்துகிறது! அது ஏறி வந்த வழியில் அடும்பங்கொடி அறுந்து கிடந்தது. அதைக் கண்டதும் 'சிதைய வாங்கி' என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண் என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

பிறகு முட்டைகள் விழத் தொடங்கின. ஒவ்வொன்றாகவும், சில நேரம் இரண்டு மூன்றாகவும். நூற்றுக்கு மேல் இருக்கும் என்று தொண்டர்கள் சொன்னார்கள். வெண்மையான, வழவழப்பான உருண்டைகள். வாடையும் அடித்தது. 'புலவுநாறு' என்பது வெறும் அடைமொழி அன்று என்பதை மூக்கால் அறிந்தேன். நப்பசலையார் இதே இடத்தில், இந்த அளவு பக்கத்தில், இருட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும். அல்லது உட்கார்ந்து பார்த்த ஒருவரிடம் ஒன்று விடாமல் கேட்டிருக்க வேண்டும். வீட்டுக்குள் இருந்தபடி இதை எழுதிவிட முடியாது.

முட்டையிட்டு முடித்ததும் குழியை மூடி, உடலை இடமும் வலமுமாகத் தூக்கிப் போட்டு மணலை இடித்துக் கெட்டிப்படுத்தியது. அந்த அதிர்வு நாங்கள் உட்கார்ந்திருந்த மணலிலும் தெரிந்தது. கண்களிலிருந்து நீர் வழிந்துகொண்டே இருந்தது. அது அழுகை இல்லை, உடலில் சேரும் உப்பை வெளியேற்றும் சுரப்பிகளின் வேலை என்று அந்தப் பையன் மெதுவாக விளக்கினான். காரணம் தெரிந்த பிறகும் என்னால் அந்தக் கண்ணிலிருந்து பார்வையை எடுக்க முடியவில்லை. பிறகு அது கடலுக்குள் போய்விட்டது. திரும்பி வராது. தாயும் வராது, 'பகுவாய்க் கணவனும்' வரமாட்டான். ஆண் ஆமைகள் கரையேறுவதே இல்லையாம்.

இவ்வளவையும் நுணுக்கமாகப் பார்த்த ஒரு புலவர், அந்தக் காவலை மட்டும் எப்படிச் சேர்த்தார்? தலைவனின் கடமையைச் சொல்லவந்த உள்ளுறை என்று வகுப்பில் சொல்லிக் கடந்துவிடுவேன். இப்போது அப்படிக் கடக்க மனம் வரவில்லை. யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். உங்களுக்கும் இப்படி ஏதாவது நேர்ந்திருந்தால் எழுதுங்கள்.

பனங்காட்டான்:

டீச்சர், வணக்கம். எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம். ஒரு பக்கம் தாமிரபரணிப் பாசனத்தில் நெல், மறுபக்கம் பனை. இந்த இரண்டும் சேர்ந்த ஊரில் தூக்கணாங்குருவிக்குக் குறை இருக்காது. நார் கிழிக்க நெல்தாளும் பனையோலையும், கூடு தொங்கவிடப் பனைமட்டையும், குஞ்சுக்குப் புழு பூச்சியும் பக்கத்திலேயே கிடைக்கும்.

கூட்டுக்குள் ஈரக் களிமண்ணில் மின்மினியை ஒட்டி விளக்கு வைத்துக்கொள்ளும் என்று என் ஆச்சி சொல்வாள். விழுந்த கூட்டைப் பிரித்துப் பார்த்தால் களிமண் கட்டி நிச்சயம் இருக்கும். மின்மினி இருக்காது. 'வெளிச்சம் வந்ததும் பறந்திருக்கும்' என்பாள் ஆச்சி. அதை அவளிடம் மறுத்துப் பேச யாருக்கும் மனம் வராது.

கிளை நூலகத்தில் பறவையியல் அறிஞர் சாலிம் அலியைப் பற்றிய கட்டுரை ஒன்று கிடைத்தது. ஜெர்மனியில் படித்துவிட்டு வந்து வேலை கிடைக்காமல் இருந்த 1930இல், பம்பாய்க்கு அருகே கிஹிம் என்ற கடலோரச் சிற்றூரில் தங்கி இந்தக் குருவிகளின் கூடுகளைக் கவனித்திருக்கிறார். ஆண்தான் கூடு கட்டுகிறது. பாதி கட்டியதும் நிறுத்திவிட்டுச் சிறகடித்துக் கத்துகிறது. பெண் வந்து உள்ளே நுழைந்து சோதிக்கிறது. பிடித்திருந்தால் தங்குகிறது. அதன் பிறகுதான் ஆண் முட்டை அறையை முடித்து, கீழே நீளும் குழாய்வாசலைக் கட்டுகிறது. முடித்த கையோடு அடுத்த கூட்டை ஆரம்பித்து, அடுத்த பெண்ணை அழைக்கிறது.

இதைப் படித்த மறுநாள் காலையில் எங்கள் கிணற்றடிப் பனைக்குப் போனேன். சிறுவயதிலிருந்து தினமும் பார்க்கும் பனைதான். ஆனால் அன்று பாதிக் கூடுகள் கண்ணில் பட்டன. தலைக்கவசம் போல ஒரு வளையமும் மேல்கூரையும் மட்டும் உள்ளவை. அவற்றைக் காற்று பிய்த்தது என்றுதான் ஊரில் எல்லாரும் சொல்வோம். மஞ்சள் தலை ஆண் ஒன்று அப்படி ஒரு வளையத்தில் தலைகீழாகத் தொங்கி இறகடித்தது. பெண் வந்தது, உள்ளே போனது, அலகால் நாரை இழுத்து இழுத்துப் பார்த்தது, பறந்துவிட்டது. ஆண் சற்று நேரம் அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு வயலுக்குப் பறந்து போய், ஒரு தாளின் ஓரத்தில் அலகால் வெட்டு வைத்து, நுனியைக் கவ்வியபடி எழும்பியது. நார் நீளமாகக் கிழிந்து அதன் பின்னாலேயே வந்தது. நான் பல் துலக்க மறந்து வெயில் ஏறும் வரை நின்றேன்.

உங்களைப் போல எனக்குப் புலமை கிடையாது. ஆனால் குறுந்தொகை 374இல் உறையூர்ப் பல்காயனார் ஊரின் குழப்பத்துக்கு இந்தக் கூட்டைத்தான் உவமை சொல்லியிருக்கிறார் என்று என் மகள் காட்டினாள். 'தூங்கணங் குரீஇ நீடிரும் பெண்ணைத் தொடுத்த கூடினும் மயங்கிய மையல் ஊரே.' பெண்ணை என்றால் பனை. அப்போதும் பனையில்தான் கட்டியிருக்கிறது! இந்தப் பனைகள் செங்கல் சூளைக்குப் போவதைப் பார்க்கும்போது வயிறு எரியும். இப்போது ஆட்சியர் அனுமதி இல்லாமல் பனையை வெட்டக்கூடாது என்று அரசு சொல்லியிருக்கிறது. எங்கள் கிணற்றடிப் பனை காய்ப்பு ஓய்ந்த கிழடு. இருந்தாலும் என் காலம் உள்ளவரை அதில் கோடரி விழ விடமாட்டேன்.

மடைவாய்:

சுருக்கமாக ஒன்று. கபிலர் பாட்டு எல்லாருக்கும் தெரியும். 'யாரும் இல்லைத் தானே கள்வன்' என்று தொடங்கும். காதலன் வாக்குக் கொடுத்தபோது அங்கே இருந்த ஒரே சாட்சி, 'தினைத்தாள் அன்ன சிறுபசுங் கால, ஒழுகுநீர் ஆரல் பார்க்கும் குருகு.' ஓடும் நீரில் ஆரல் மீனைப் பார்த்து நிற்கும் நீர்ப்பறவை.

கும்பகோணம் பக்கத்தில் எங்கள் வயலின் மடையில் மடையான் என்ற சிறு கொக்கு நிற்கும். சேற்று நிறத்தில் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நிற்பதால், பழகிய கண்ணுக்குத்தான் தெரியும். அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு மதியம், பக்கத்தில் போய்விட்டேன். கால்களைப் பார்த்தேன். பச்சையும் மஞ்சளும் கலந்த, கணுவுள்ள மெல்லிய கால்கள். தினைத்தாளேதான். என் கணிப்பில் கபிலர் சொன்ன குருகு இந்த மடையான்தான். வெள்ளைக் கொக்கு என்றால் அந்தப் பெண்ணுக்குத் தூரத்திலிருந்தே தெரிந்திருக்கும், 'யாரும் இல்லை' என்று முதலில் சொல்லியிருக்க மாட்டாள்.

என் நிழல் அதன்மேல் விழுந்தும் அசையவில்லை. ஓடுகிற நீரில் ஓர் இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் யார் என்ன சத்தியம் செய்தாலும் அதற்குக் கேட்காது. அந்தப் பெண்ணின் தவிப்பு எனக்கு முழுதாகப் புரிந்தது அன்றைக்குத்தான். சட்டென்று எழும்பியபோது விரிந்த சிறகுகள் தூய வெள்ளை. இவ்வளவு வெள்ளையை அந்த அழுக்கு நிறத்துக்குள் எங்கே மடித்து வைத்திருந்தது என்று இன்றும் வியக்கிறேன்.

வேளச்சேரி அம்மா:

நெய்தல் அக்கா, படித்ததிலிருந்து என் மகன் விடவில்லை. ஐந்தாம் வகுப்பு. அவனை இரவு நடைக்கு அழைத்து வரலாமா? முழு இரவும் விழித்திருப்பானா என்று தெரியவில்லை. அவனுடைய கேள்வி ஒன்றும் உண்டு: 'அப்பா ஆமை வரவே வராது என்றால் அந்தப் புலவர் பொய் சொன்னாரா?'

கடலோரத்தான்:

தம்பியின் கேள்விக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். நாங்கள் நாகப்பட்டினம் பக்கத்து மீனவக் குடும்பம். நீங்கள் பார்த்தது பங்குனி ஆமை. குளிர்காலத்தில் கரைக்கு அருகில் வந்துவிடும். அப்போது கடலில் இணைகள் மிதப்பதைப் பார்க்கலாம். ஆண், பெண்ணின் ஓட்டின்மேல் ஏறி, முன்துடுப்பில் உள்ள வளைந்த நகத்தால் கொக்கி போட்டதுபோல் பிடித்துக்கொள்ளும். மணிக்கணக்கில் விடாது. அலை புரட்டினாலும், படகு பக்கத்தில் போனாலும் விடாது. வேறு ஆண்கள் வந்து கடித்து இழுத்தாலும் விடாது. சிறுவனாக அப்பாவோடு கடலுக்குப் போனபோது முதலில் பார்த்தேன். 'கணவனும் மனைவியும், வலையை அந்தப் பக்கம் போடாதே' என்று அப்பா சொன்னார்.

அந்தப் புலவருக்கும் யாராவது ஒரு பரதவர் இதைச் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். முட்டையிடும் காலத்தை ஒட்டி, கரைக்கு அப்பால் கடலில் ஆண் ஆமைகளும் வந்து சேர்ந்திருக்கும். துணையை அப்படி விடாமல் பிடித்திருப்பவனைக் காவல் என்று சொல்வதில் என்ன பொய், தம்பி? அந்தப் புலவர் கேட்டதைத்தான் சொன்னார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கின. ஆமைக்கு நுரையீரல்தான், மூச்சு விட மேலே வர வேண்டும். இழுவலையில் மாட்டி நெடுநேரம் தண்ணீருக்குள் கிடந்தால் மூழ்கிவிடும். ஆனால் அசையாமல் கிடப்பதெல்லாம் செத்தது அன்று. அப்படியே கடலில் தள்ளினால்தான் சாகும். பின்பக்கத்தைச் சற்று உயர்த்தி வைத்து, நிழலில் ஈரச்சாக்குப் போட்டு வைத்திருந்தால் உள்ளே போன நீர் வடிந்துவிடும். கண்ணிமையைத் தொட்டுப் பார்த்தால் மெல்ல அசையும். ஒரு தடவை விடிகாலையில் எடுத்துப்போட்ட ஆமை, பொழுது சாயும் நேரத்தில் தலையைத் தூக்கி 'புஸ்' என்று மூச்சு விட்டது. படகில் இருந்த எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினோம். மீன் பாடு மோசமான நாள் அது. ஆனாலும் யாருக்கும் வருத்தம் இல்லை.

நெய்தல்:

கடலோரத்தான் தம்பி, என் பணிக்காலம் முழுவதும் படித்த உரைகளில் கிடைக்காத விளக்கம் இது. மிகுந்த நன்றி.

வேளச்சேரி தங்கைக்கு: தாராளமாக அழைத்து வா. வெள்ளி, சனி இரவுகளில் மாணவர்கள் பொதுமக்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். நள்ளிரவு முதல் விடியும் வரை நடக்க வேண்டியிருக்கும், மணலில் கால் வலிக்கும். சிறுவனுக்கு அது கடினமாகத் தோன்றினால் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மாலை வேளையில் பொரிப்பகத்துக்கு வாருங்கள். புதைத்த முட்டைகள் ஏழு வாரம்போலக் கழித்துப் பொரியும். குஞ்சுகளை மணலில் விடுவார்கள், அவை தாமாகவே கடலுக்கு ஊர்ந்து போகும். வெளிச்சம் உள்ள பக்கம் அவற்றை ஈர்க்கும் என்பதால் கைப்பேசி விளக்கைப் போடவே கூடாது என்று அவனிடம் முன்பே சொல்லிவை. கையில் எடுக்கவும் கூடாது. முன்வரிசையில் நிற்க வேண்டுமானால் ஆறு மணிக்கே வந்துவிடுங்கள்.